சொன்னது முரளிதரன்

திருத்தணியில் மலைக்குப் போகிற சாலையில் இருக்கும் முரளிதரனின் ஜெராக்ஸ் கடையைத் தெரியாத கல்லூரிப் பிள்ளைகள் கிடையாது. பெயருக்குத்தான் ஜெராக்ஸ் கடை. பரீட்சைக் கட்டணம் கட்டுவதும், சாதிச் சான்றிதழுக்கு மனுப் போடுவதும், வேலைக்கு விண்ணப்பிப்பதும் அங்கேதான் நடக்கும். முரளி அண்ணன் சொன்னால் சரியாக இருக்கும் என்று பிள்ளைகளிடையே ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கேட்டும் கேட்காதவன்போல இருந்துகொள்வதில் முரளிக்கு ஒரு சுகமும் உண்டு.

ஆனால் அவன் வாய்விட்டுப் பெருமைப்படுகிற விஷயம் கடை இல்லை, மனைவி. தேவிப்பிரியா அதே ஊரில் ஒரு கலைக் கல்லூரியின் நூலகர். ஒவ்வொரு வருடமும் புதிதாகச் சேரும் மாணவர்களுக்கு அவள் ஒரு வகுப்பு எடுப்பாள். செல்போனிலோ தாளிலோ ஒரு செய்தி வந்தால் அதை நம்புவதா வேண்டாமா என்று பார்ப்பதற்கு ஐந்து கேள்விகள். யார் வெளியிட்டது, எப்போது வெளியிட்டது, கையெழுத்தோ முத்திரையோ உண்டா, பிழை இல்லாமல் எழுதியிருக்கிறதா, இணையதள முகவரி அரசுடையதா. திரையில் படம் போட்டுக் காட்டி, கடைசியில் எல்லோரையும் ஒரு முறை சொல்லவும் வைப்பாள். பிள்ளைகள் அவளுக்கு 'அஞ்சு கேள்வி மேடம்' என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

"இன்னிக்கும் பாதிப் பேர் தூங்கிட்டாங்க" என்று சாயங்காலம் வந்து அலுத்துக்கொள்வாள் தேவி.

"தூங்குறவன் காதுலயும் விழும் தேவி. நீ சொல்லிகினே இரு" என்பான் முரளி.

அந்த வீட்டில் மூன்றாவது ஆள் மோனிஷா, முரளியின் தங்கை. அம்மையார்குப்பத்தில் விசைத்தறி வைத்திருக்கும் கஜபதி, சந்திரா தம்பதியின் கடைக்குட்டி. அண்ணன் வீட்டில் தங்கி அண்ணியின் கல்லூரியிலேயே கணிதம் படித்து முடித்தாள். அடுத்து பி.எட். படித்துக் கணக்கு டீச்சராக வேண்டும் என்பது அவள் ஆசை. அம்மா சந்திரா அதற்கு ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். இந்த வருடமே இடம் கிடைத்தால் படிக்கலாம், கிடைக்காவிட்டால் ஜெயப்பிரகாஷுக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். ஜெயப்பிரகாஷ், ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் நகரியில் இருக்கும் சந்திராவின் அண்ணன் மகன். மோனிஷாவுக்கு பாவா, அதாவது முறை மாப்பிள்ளை. நல்ல பையன்தான். "பாவாவை வேணான்னு நான் எங்க சொன்னேன்? இப்ப வேணான்னுதான் சொல்றேன்" என்பாள் மோனிஷா.

ஜூன் மாதம் ஒரு காலையில், அந்த பாவாவிடமிருந்தே குடும்ப வாட்ஸப் குழுவுக்கு ஒரு நோட்டீஸ் வந்தது. தெலுங்கில் இருந்தது. சந்திரா நகரியில் பிறந்து தெலுங்கில் ஒன்பதாவது வரை படித்தவள். ஊரிலிருந்து போன் போட்டு மகளுக்கு வாசித்துக் காட்டினாள்.

"பி.எட். சேர்க்கைக்கு அப்ளிகேசன் போடறதுக்குக் கடைசித் தேதிய மாசக் கடைசி வரைக்கும் தள்ளிட்டாங்களாம்டி. மெதுவாவே போடு. இப்ப தறிக்கு நூல் கோக்க ஆளில்ல. ரெண்டு வாரம் இங்க வந்து ஒத்தாசையா இரு."

மோனிஷா போனைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு வந்தாள். "அண்ணி, இத நம்பலாமா?"

தேவி அரக்கோணத்துப் பெண், தெலுங்கு வாசிக்கத் தெரியாது. அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. "அஞ்சு கேள்வியும் கேட்டியா?"

"ஆங். கவர்மென்ட்டு உயர்கல்வித் துற போட்டது. முத்திர இருக்குது. கையெழுத்து இருக்குது. இந்த வாரத் தேதி. கீழ வெப்சைட் பேரு கவர்மென்ட்டுதுதான். தப்பு எதுவும் இல்லன்னு அம்மா சொல்றாங்க."

"அப்ப சரியாத்தான் இருக்கும்" என்றாள் தேவி, கடுகைப் போட்டபடி.

மதுரைக்காரரோ கோயம்புத்தூர்க்காரரோ அந்த நோட்டீஸைப் பார்த்திருந்தால், நம் ஊர் நோட்டீஸ் எதற்காகத் தெலுங்கில் இருக்கிறது என்று முதலில் கேட்டிருப்பார்கள். அந்தக் குடும்பத்தில் அதைக் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அம்மாவுக்குத் தெலுங்கு, அப்பாவுக்குத் தமிழ். சித்தப்பா எல்லைக்கு இந்தப் பக்கம், மாமா அந்தப் பக்கம். புடவைக்கு நூல் அங்கிருந்து வரும், மாப்பிள்ளையும் அங்கிருந்தே வருவான். அவர்களுக்கு எல்லாமே 'நம்ம பக்கம்'தான். நோட்டீஸ் பொய் இல்லை, ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. அது எல்லைக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கானது, அவ்வளவுதான்.

மாசக் கடைசியில், ஊரிலிருந்து திரும்பி வந்த தங்கைக்கு விண்ணப்பம் போட முரளி தன் கடைக் கணினியில் உட்கார்ந்தான். 'விண்ணப்பப் பதிவு முடிவடைந்தது' என்று சிவப்பு எழுத்தில் வந்தது. திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தான். அதே சிவப்பு. அந்தத் தெலுங்கு நோட்டீஸ் ஆந்திரத்துக்கானது என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"போச்சு மோனி. சைட்ட மூடிட்டானுங்க. இனி அடுத்த வருசம்தான்" என்றான்.

மோனிஷா அழவில்லை. பக்கத்தில் நின்ற அண்ணியைப் பார்த்தாள். தேவி அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் கீழே குனிந்துகொண்டாள்.

அடுத்த பஸ்ஸில் சந்திரா வந்து இறங்கினாள். "சரி, கடவுள் விட்ட வழி. ஆடியில பேசக் கூடாது. ஆடி போனதும் நகரிக்காரங்கள வரச்சொல்லி தட்டு மாத்திடலாம்" என்றவள், மருமகளைப் பார்த்து, "ஏம்மா தேவி, ஊருக்கெல்லாம் பாடம் சொல்றியே, நம்ம வூட்டுப் பொண்ணுக்கு ஒரு வார்த்த பாத்துச் சொல்லக் கூடாதா?" என்றாள். சத்தம் போட்டுக்கூடச் சொல்லவில்லை. அதுதான் அதிகமாக வலித்தது.

"அம்மா, நோட்டீச வாசிச்சது நீ" என்றான் முரளி.

"நான் என்னாடா தப்பா வாசிச்சேன்? இருந்தத வாசிச்சேன்!"

"அத்தை சொல்றது சரிங்க" என்று தேவி நடுவில் வந்தாள். "அவங்க இருந்ததத்தான் வாசிச்சாங்க. மோனி என்கிட்ட கேட்டா. நான்தான் சரின்னேன்."

அன்றிலிருந்து தேவி பேச்சைக் குறைத்துக்கொண்டாள். முரளி ஆறுதல் சொல்லிப் பார்த்தான். அவள் அதற்கும் தலையை ஆட்டினாளே தவிர, கண் வேறெங்கோ இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு மின்சார ரயிலில் அரக்கோணத்துக்கு, மாமனார் வீட்டுக்குப் போனான்.

வழியில் அவள் திடீரென்று சொன்னாள். "அஞ்சு கேள்வியில எது தப்புன்னு யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேங்க. ஒண்ணுமே தப்பில்ல. மோனி எல்லாத்தையும் ஒழுங்காக் கேட்டிருக்கா. என்கிட்ட படிச்சதிலேயே ஒழுங்காப் படிச்சவ அவதான். அதான் எனக்குத் தாங்கல."

முரளி முறுக்குப் பொட்டலத்தை அவள் பக்கம் நீட்டினான்.

மாமனார் கோதண்டபாணி ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர், கலகலப்பான மனிதர். சாப்பாட்டு நேரத்தில் மருமகனுக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டே பழைய கதை ஒன்றை எடுத்தார்.

"உங்க பயோடேட்டா வந்துச்சே மாப்ள, அத நான் படிக்கவே இல்ல தெரியுமா?"

"என்ன மாமா சொல்றீங்க? நானே டைப் அடிச்சு, கலர் பிரின்ட் எடுத்து அனுப்பினது!"

"அதனாலதான் படிக்கல. அவனவன் தன்னப்பத்தி எழுதினா நல்லாத்தானே எழுதுவான்? நான் லுங்கி வாங்குற ஆளாட்டம் அம்மையார்குப்பம் போனேன். டீக்கடையில கேட்டேன். பஸ் கண்டக்டரக் கேட்டேன். உங்க நைனாவோட சண்ட போட்டுகினு பேச்சுவார்த்தை இல்லாத ஒருத்தர் இருந்தாரே, அவரக் கேட்டேன். அவரு என்ன சொன்னாரு தெரியுமா? 'கஜபதி மூஞ்சியில முழிக்க மாட்டேன், ஆனா புள்ள தங்கம்'னாரு. போதும்டா சாமின்னு வந்துட்டேன்."

முரளி சிரித்துப் புரையேறினான். தேவி சிரிக்கவில்லை. கையில் எடுத்த சோறு வாய்க்குப் போகாமல் நின்றது.

"அப்பா, எங்க மாமியார் வீட்டுச் சொந்தக்காரங்க யாரையாவது கேட்டீங்களா?"

"அவங்கள எதுக்கும்மா கேக்கணும்? பத்து சொந்தக்காரன் பத்து வாயால சொன்னாலும் ஒரே வூட்லேர்ந்து வந்த பேச்சுதானே அது?"

"ஆமால்ல" என்றாள் தேவி மெல்ல. பிறகு முரளியின் பக்கம் திரும்பினாள். அவள் முகத்தில் பல நாளாகக் காணாமல் போயிருந்த வெளிச்சம். "நான் பிள்ளைங்களுக்கு பயோடேட்டாவையே திருப்பித் திருப்பிப் பாக்கச் சொல்லித் தந்துகினு இருந்திருக்கேங்க. ஊருக்குள்ள போய் விசாரிக்கச் சொல்லித் தரவே இல்ல."

ஆடிக் கிருத்திகைக் கூட்டம் வடிந்து கல்லூரி திறந்தது. மலைப்பாதையில் காவடிகளிலிருந்து உதிர்ந்த பூ இன்னும் மிதிபட்டுக் கிடந்தது. புது மாணவர்களுக்கு நூலக வகுப்பு நடக்கிற நாள். "வைஃபை பெட்டி மக்கர் பண்ணுது, வந்து பாத்துக் குடுங்க" என்று தேவி கூப்பிட்டதால் முரளி கடையைப் பூட்டிவிட்டு வந்தான். வாசிப்புக்கூடத்தின் ஓரத்தில் ஒரு மேசைக்கு அடியில் புகுந்து ஒயரைக் கோத்துக்கொண்டிருந்தபோது வகுப்பு தொடங்கிவிட்டது. திரையைக் காணோம். படங்களையும் காணோம்.

"எல்லாரும் போனை எடுங்க" என்றாள் தேவி.

ஆர்.கே.பேட்டையிலிருந்து வருகிற டில்லிபாபு, விவசாய வீட்டுப் பையன், எழுந்து நின்றான். "மேடம், லைப்ரரியில போனை எடுத்தா புடுங்கிடுவீங்கன்னு சீனியருங்க சொன்னாங்க."

"இன்னிக்கு எடுக்கலன்னாதான் புடுங்குவேன். சீனியருங்க சொன்னாங்கன்னு நம்பாத. அதான் இன்னிக்குப் பாடமே."

சிரிப்பு அடங்கியதும் அவள் ஒவ்வொரு மேசைக்கும் கையால் எழுதிய ஒரு துண்டுத்தாளைக் கொடுத்தாள். ஒன்றில், ஏதோ ஒரு கீரையின் சாறு ஒரே வாரத்தில் சர்க்கரையை இறக்கிவிடும் என்று வாட்ஸப்பில் சுற்றுகிற செய்தி. இன்னொன்றில், சாயங்கால ரயில் ஒன்று இனிமேல் திருத்தணியில் நிற்காது என்ற பேச்சு.

"ஒரு தடவ படிங்க. படிச்சிட்டுத் தாளக் கவுத்து வச்சிடுங்க. அதையே உத்து உத்துப் பாத்தா அது தன்னப்பத்தி நல்லாத்தான் சொல்லிக்கும். பொண்ணு மாப்பிள்ள விசாரிக்கிற மாதிரி வெளிய போய் விசாரிங்க. முதல்ல இத சொன்னது யாரு, அவங்களுக்கு எப்படித் தெரியும், அவங்களோட சம்பந்தமே இல்லாத ரெண்டு பேரு என்ன சொல்றாங்க. போன் பண்ணலாம், நடந்து போய்க் கேக்கலாம், நெட்ல தேடலாம். கிளம்புங்க!"

கூடமே கலகலத்தது. ரயில் மேசைக்காரர்கள் ஸ்டேஷனுக்கே ஓடிவிட்டார்கள். கடைசி மேசையில் அம்மு என்ற பெண் தன் தாளைச் சத்தமாகப் படித்தாள்.

"'இந்த வருடம் பி.எட். சேர்க்கை முடிந்துவிட்டது. இனி அடுத்த வருடம்தான். சொன்னது: முரளிதரன்.' யாரு மேடம் இந்த முரளிதரன்?"

மேசைக்கு அடியில் முரளியின் தலை நங்கென்று இடித்தது. எல்லோரும் குனிந்து பார்த்தார்கள்.

"அட, ஜெராக்ஸ் கடை அண்ணன்!" என்றான் டில்லிபாபு. "வாங்கண்ணே வெளிய. மாப்பிள்ளையே வந்துகினாரு, விசாரிச்சிடுவோம். உங்களுக்கு யார் சொன்னது?"

"யாரும் சொல்லலப்பா. சைட்டத் தொறந்தேன், முடிஞ்சதுன்னு வந்துச்சு."

"பதிவு முடிஞ்சதுன்னு வந்துச்சா, சேர்க்கையே முடிஞ்சதுன்னு வந்துச்சா?"

"பதிவு."

"இனி அடுத்த வருசம்தான்னு போட்டிருந்துச்சா?"

முரளி தலையைத் தடவிக்கொண்டான். "அது... நானா சொன்னது."

"அப்புறமா வேற எங்கனா கேட்டீங்களாண்ணே?"

"இல்ல."

"எங்க வூட்ல எல்லாருமே அவரு சொன்னத நம்பினோம்" என்றாள் தேவி அமைதியாக. "நானும்தான். கம்ப்யூட்டர் தெரிஞ்சவரு சொல்றாருன்னு விட்டுட்டோம். யாருமே கேக்கல."

டில்லிபாபு ஒரு கல்வியியல் கல்லூரியின் எண்ணைத் தேடி எடுத்து அழைத்து, போனை ஸ்பீக்கரில் போட்டான். அலுவலகத்தில் ஒரு அம்மாள் எடுத்தார். நிரம்பாத இடங்களுக்கு இரண்டாம் கட்டப் பதிவு உண்டு, வருகிற திங்கட்கிழமை தொடங்குகிறது, கணிதத்தில் இடங்கள் காலியாக இருக்கின்றன என்றார். அம்மு உயர்கல்வித் துறையின் இணையப் பக்கத்தில் அறிவிப்பைக் கண்டுபிடித்துவிட்டாள். தேவி சொன்னபடி, தலைப்பில் எந்த மாநிலம் என்பதையும் உரக்கப் படித்துக் காட்டினாள்.

"மேடம், சம்பந்தமில்லாத ரெண்டு இடத்துல ஒரே பேச்சு. முரளிதரன் அண்ணன் சொன்னது தப்பு!" என்று டில்லிபாபு அறிவிக்க, மேசையைத் தட்டினார்கள். பிறகு அவனே கேட்டான். "மேடம், உங்களுக்கு விடை முன்னாடியே தெரியும்தானே?"

"தெரியாது" என்றாள் தேவி. "கேட்டுப் பாக்கவே எனக்கு பயமா இருந்துச்சு. முடிஞ்சதுன்னு உறுதியாயிட்டா என்ன பண்றதுன்னு. அதனாலதான் உங்ககிட்ட குடுத்தேன்."

முரளி அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். அவளுடைய வகுப்பை அவன் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறான். படம் போட ஒயர் இழுத்துக் கொடுத்ததும் அவன்தான். அந்த வகுப்புகளில் விடைகள் எல்லாம் அவள் பையிலேயே இருக்கும், பிள்ளைகள் வாங்கிக்கொண்டு போவார்கள். இன்றைக்குத் தன் வீட்டுக் காயத்தையே எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, விடை தெரியாமல் பிள்ளைகளோடு பிள்ளையாக நிற்கிறாள். ஒரு வருடம் இரண்டு வருடம் சொல்லிக்கொடுத்த பாடமில்லை அது. நல்ல பெயர் வாங்கிக் கொடுத்த பாடம். அதைத் தூக்கிப் போட எவ்வளவு மனசு வேண்டும்! அவனால் அவன் கடைப் பெயர்ப்பலகையைக்கூட மாற்ற முடியாது. இந்தப் பெண் தனக்கு மனைவியாக வந்தாளே! பிள்ளைகள் முன்னால் அழுதுவிடக் கூடாதென்று மறுபடி மேசைக்கு அடியில் புகுந்துகொண்டான்.

அன்று பிற்பகலே இருவரும் அம்மையார்குப்பத்துக்குப் பஸ் ஏறினார்கள். தெரு முழுக்கத் தறிச் சத்தம். வீட்டில் சந்திரா பித்தளைத் தட்டுகளைத் துலக்கித் துடைத்துக்கொண்டிருந்தாள். நகரிக்காரர்கள் வர நாள் குறித்தாகிவிட்டது. மோனிஷா தறியருகே நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

விஷயத்தைக் கேட்டதும் மோனிஷா எழுந்து வந்துவிட்டாள். சந்திரா மட்டும் தட்டைத் துடைப்பதை நிறுத்தவில்லை.

"அன்னிக்கும் இப்படித்தான் சரியா இருக்கும்னீங்க. இன்னிக்கும் இருக்குதுன்றீங்க. எங்கண்ணனுக்கு நான் எத்தினி வாட்டி வார்த்தய மாத்திச் சொல்றது? என் தெலுங்கு தப்பு, என் பேச்சு தப்பு, இதானே?"

தேவி மாமியாரின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "உங்க தெலுங்குல ஒரு எழுத்து தப்பில்ல அத்தை. நோட்டீசும் நெஜம்தான். அத வேற ஒருத்தர்கிட்ட விசாரிக்காதது என் தப்பு. இப்பவும் நான் சொல்றேன்னு நம்பாதீங்க. அந்தக் காலேஜ் நம்பரு இது. நீங்களே கேளுங்க. நாங்க வாயத் தொறக்க மாட்டோம்."

சந்திரா தட்டைக் கீழே வைத்தாள். பிறகு கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள். கேட்டாள் பாருங்கள்! இடம் இருக்கிறதா, எத்தனை, விடுதி உண்டா, விடுதியில் யார் காவல், சாப்பாடு எப்படி, இது தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்குத்தானே, அதைச் சத்தியமாகச் சொல்ல முடியுமா. அந்தப் பக்கத்து அம்மாள் ஒரு கட்டத்தில் சிரித்துவிட்டார் போலிருக்கிறது, சந்திராவும் சிரித்தாள். போனை வைத்துவிட்டு வேறொரு எண்ணுக்குப் போட்டாள். நகரிக்குத்தான் போட்டிருந்தாள். எடுத்தது ஜெயப்பிரகாஷ். அத்தைக்காரி தெலுங்கில் விறுவிறுவென்று பேசினாள். மோனிஷா நூல்கண்டைக் கையில் நசுக்கிக்கொண்டு கேட்டாள்.

"என்னம்மா சொல்றாரு பாவா?"

"தப்பான நோட்டீச அனுப்பினதே தான்தான்னு ஒரு மாசமா வெக்கப்பட்டுகினு இருந்தானாம். படிக்கட்டும் அத்தை, அப்பாகிட்ட நான் பேசிக்கறேன்றான்." சந்திரா தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மகள் கையில் கொடுத்தாள். "பரண் மேல ஏத்துடி. ரெண்டு வருசத்துக்கு இது வேணாம்."

திங்கட்கிழமை காலை முரளியின் கடை திறக்குமுன்பே மோனிஷா வாசலில் நின்றாள். தேவியும் கல்லூரிக்குப் போகிற வழியில் அங்கே வந்து நின்றாள். முரளி கணினியைப் போட்டு, பக்கத்தைத் திறந்து, வழக்கம்போல் நாற்காலியில் உட்காரப் போனான்.

"நவுருண்ணா" என்றாள் மோனிஷா. "நானே போடறேன்."

அவன் நகர்ந்து நின்றான். அவள் உட்கார்ந்து, தலைப்பில் எந்த அரசு என்று இருந்ததை முதலில் வாய்விட்டுப் படித்தாள். பிறகு தன் பெயரை எழுத்தெழுத்தாக அடிக்க ஆரம்பித்தாள்.